கடலிலே கோடு போட்ட நட்பு

(வணிகர்களும் வாலிபர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தியாவும் இந்தோனேஷியாவும் கடல் பாதுகாப்பிலே கைகோத்திருப்பது பற்றிப் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டவுடன் இங்கே அமர்ந்திருக்கும் வியாபாரிகள் சிலருக்கு, "இது கப்பற்படைக்காரர்கள் விவகாரம், கடை வைத்திருப்பவனுக்கு இதிலே என்ன வேலை?" என்று தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கடைக்கும் கடலுக்கும் உள்ள கணக்கு

உங்கள் கடையிலே விற்கும் பாமாயில் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி இந்தோனேஷியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்தத் தடை மே 23 வரைதான் நீடித்தது. ஒரு மாதம் கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் நம் ஊர் எண்ணெய் மண்டிகளில் விலை என்ன பாடுபட்டது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் வந்து இறங்கும் நிலக்கரியிலும் இந்தோனேஷிய நிலக்கரி உண்டு. உங்கள் கடையில் எரிகிற விளக்குக்கும் சுமத்ரா, போர்னியோ கரைகளுக்கும் தொடர்பு இருக்கிறது. 2022-23 நிதியாண்டில் இரு நாடுகளுக்கும் இடையே நடந்த வியாபாரம் 3,800 கோடி டாலரைத் தாண்டியது.

இத்தனை சரக்கும் கடல் வழியாகத்தான் வருகிறது. கடலில் பயம் வந்தால் முதலில் ஏறுவது என்ன தெரியுமா? இன்ஷூரன்ஸ். 2005 ஜூன் மாதம் லண்டன் லாயிட்ஸ் சந்தையின் போர் அபாயக் குழு, மலாக்கா நீரிணையை அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே எந்த யுத்தமும் நடக்கவில்லை. கடற்கொள்ளை பெருகிவிட்டது, அவ்வளவுதான். அந்த ஒரு முடிவினாலே கப்பல்காரர்கள் மீது அதிகப் பிரீமியம் விழுந்தது. கப்பல்காரர் அதைத் தன் கையிலிருந்தா கொடுப்பார்? சரக்குக்காரர் மீது ஏற்றுவார். சரக்குக்காரர் கடைக்காரர் மீது ஏற்றுவார். கடைசியில் கால் லிட்டர் எண்ணெய் வாங்குகிற ஏழைத் தாய்தான் அதைக் கொடுப்பார்.

அடுத்த வருடம், 2006 ஆகஸ்டில், அந்தப் பட்டியலிலிருந்து மலாக்கா நீக்கப்பட்டது. எப்படி? இந்தோனேஷியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய கரையோர நாடுகள் 2004இல் கூட்டு ரோந்தைத் தொடங்கின. 2005இல் விமானக் கண்காணிப்பையும் சேர்த்தன. காவல் பலமானது, பயம் குறைந்தது, பட்டியல் மாறியது. இது பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அந்தச் செலவை இங்கே இருக்கும் ஏற்றுமதி, இறக்குமதிக்காரர்கள் தங்கள் பில்லிலே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே கடல் பாதுகாப்பு என்பது பீரங்கிக் கணக்கு மட்டுமல்ல சகோதரர்களே, அது உங்கள் பேரேட்டுக் கணக்கும்தான்.

பக்கத்து வீடு

இந்தோனேஷியா எங்கோ தூர தேசம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டின் தென்கோடி கன்னியாகுமரி அல்ல, கிரேட் நிக்கோபார் தீவிலுள்ள இந்திரா முனை. அங்கிருந்து இந்தோனேஷியாவின் அச்சே மாகாணம் சுமார் 90 கடல் மைல்தான். சென்னையிலிருந்து விழுப்புரம் போகிற தூரம்! இந்த இடைவெளிக்குப் பெயர் ஆறு டிகிரிக் கால்வாய். வளைகுடாவிலிருந்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகிற கப்பல்கள் இதன் வழியாகத்தான் மலாக்கா நீரிணைக்குள் நுழைகின்றன. வாசலின் ஒரு பக்கத் தூண் நம்முடையது, மறு பக்கத் தூண் அவர்களுடையது.

நம் முன்னோர்களுக்கு இந்த வாசல் நன்றாகத் தெரியும். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற இடத்திலே, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் பொறித்தது அது. பிற்காலத்தில் நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் துறைகளிலிருந்து துணி ஏற்றிச் சென்ற மரக்காயர்கள் அச்சேயிலும் மலாக்காவிலும் கடை விரித்தார்கள். மேடான் நகரிலே இன்றைக்கும் கம்போங் மெட்ராஸ் என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. இது பெருமைக்காகச் சொல்வதல்ல. இந்தக் கடலுக்கு நாம் புதியவர்கள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

உணர்ச்சியிலே கட்டிய நட்பு

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாலிபர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

இரு நாடுகளும் அந்நியனை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்றவை. 1947 ஜூலையில் டச்சுப் படை ஜாவாவைத் தாக்கியபோது, பிஜு பட்நாயக் தாமே விமானத்தை ஓட்டிச் சென்று இந்தோனேஷியத் தலைவர் ஷாரிரை மீட்டுக் கொண்டுவந்தார். 1949 ஜனவரியில் நேரு அவர்கள் இந்தோனேஷியாவுக்காகவே டில்லியில் ஆசிய நாடுகளின் மாநாட்டைக் கூட்டினார். 1950 ஜனவரி 26, நம் முதல் குடியரசு தினம். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் யார்? ஜனாதிபதி சுகர்னோ. 1955இல் பாண்டுங் மாநாடு. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே பந்தியில் உட்கார்ந்த நாள்.

இதைவிடப் பெரிய நட்பு உண்டா என்று உலகமே கேட்டது. ஆனால் என்ன நடந்தது? 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்படாததையொட்டி எழுந்த தகராறிலே அங்கிருந்த இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. 1965 யுத்தத்தில் இந்தோனேஷிய அரசு வெளிப்படையாகப் பாகிஸ்தான் பக்கம் நின்றது. இந்துமாக் கடலுக்கு இந்தோனேஷியக் கடல் என்று பெயர் சொல்லும் வழக்கமும் அங்கே கிளம்பியது. அந்தமான், நிக்கோபார் தீவுகளைப் பற்றி டில்லிக்குக் கவலை பிறந்தது.

பாண்டுங்கிலிருந்து பத்தே வருடம். கட்டிப் பிடித்த கை விலகிவிட்டது. ஏன்? இரு தலைவர்களின் அன்பு இருந்தது, மேடைப் பேச்சு இருந்தது, மலர்மாலை இருந்தது. ஆனால் கடல் எல்லையைப் பற்றி எழுத்திலே எதுவும் இல்லை. கடலிலே எது உன்னுடையது, எது என்னுடையது என்று யாரும் வரைந்து வைக்கவில்லை. வியாபாரிகளுக்கு இது தெரிந்த பாடம். கூட்டுக் கடையை அன்பினால் ஆரம்பிக்கலாம், பத்திரம் எழுதாமல் நடத்த முடியாது.

கோட்டிலே கட்டிய நட்பு

சுகர்னோவுக்குப் பின் சுகார்த்தோ வந்தார். உறவு மெல்லச் சீரானது. இம்முறை இரு நாடுகளும் வேறு வழியில் போயின. 1974 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கடலடிப் படுகை யாருக்கு எதுவரை என்று கோடு போட்டார்கள். 1977இல் அந்தக் கோட்டை இரு முனைகளிலும் நீட்டினார்கள். 1978இல் தாய்லாந்தையும் சேர்த்துக்கொண்டு மூன்று நாட்டு எல்லையும் கூடுகிற புள்ளியை முடிவு செய்தார்கள். மாலை மரியாதை குறைவு, ஆர்ப்பாட்டம் குறைவு. ஆனால் அன்றைக்குப் போட்ட கோடு ஐம்பது வருடம் தாண்டியும் நிற்கிறது. அந்தக் கோட்டின் பேரிலே இரு நாடுகளும் ஒரு நாளும் மோதியதில்லை.

2001 ஜனவரியில் பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2002இல் கூட்டு ரோந்து தொடங்கியது. அது நடக்கும் விதம் எளிமையானது. வருடத்துக்கு இரண்டு தடவை, 236 கடல் மைல் நீளமுள்ள எல்லைக்கோட்டை ஒட்டி நம் கப்பலும் விமானமும் நம் பக்கத்தில் போகின்றன, அவர்களுடைய கப்பலும் விமானமும் அவர்கள் பக்கத்தில் போகின்றன. யாரும் யாருடைய கடலிலும் நுழைவதில்லை. ஆனால் ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்கிறார்கள். பத்திரிகையில் பெரிய எழுத்தில் வராத வேலை இது. ஆனாலும் பெரிய எழுத்தில் வரும் பல விஷயங்களைவிட இதனால்தான் பயன் அதிகம்.

இதன் அவசியத்தைப் புரிய வைக்க ஒரு சம்பவம் போதும். 1999 அக்டோபரில் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல், சுமத்ராவின் குவாலா தஞ்சுங் துறைமுகத்திலிருந்து சுமார் 7,000 டன் அலுமினியக் கட்டிகளோடு கிளம்பியது. சற்று தூரத்திலேயே கொள்ளையர் கையில் சிக்கியது. மாலுமிகள் 17 பேரைத் தெப்பத்தில் இறக்கிவிட்டார்கள். பல நாள் தத்தளித்த அவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு காப்பாற்றியது. கொள்ளையர் கப்பலின் பெயரையும் மாற்றி ஓட்டிக்கொண்டு போனார்கள். எங்கே பிடிபட்டது? நவம்பர் நடுவிலே, நம் நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால்! நம் கடலோரக் காவல் படையும் கடற்படையும் சேர்ந்து துரத்திப் பிடித்தன. கொள்ளை போனது அவர்கள் வாசலில், பிடித்தது நம் வாசலில். இரு வீட்டுக்காரர்களும் பேசிக்கொள்ளாவிட்டால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம்.

இந்தச் சம்பவத்துக்கு ஒரு மறுபாதியும் உண்டு. பிடிபட்டவர்களுக்கு மும்பை நீதிமன்றம் 2003இல் தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. நடுக்கடல் கொள்ளைக்கென்று நம்மிடம் அப்போது தனிச் சட்டமே கிடையாது. அந்தச் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2024 மார்ச்சில் ருவென் என்ற கப்பலை மீட்டு, 35 சோமாலியக் கொள்ளையரை நம் கடற்படை மும்பைக்குக் கொண்டுவந்தபோது, சட்டம் தயாராக இருந்தது. கப்பல் வாங்கினால் போதாது, சட்டமும் எழுத வேண்டும் என்பது இதிலே நமக்குக் கிடைத்த படிப்பினை.

துன்பத்தில் தெரிந்த உறவு

2004 டிசம்பர் 26ஐ இந்தக் கரையோரத்தில் யாரும் மறக்க மாட்டோம். நாகப்பட்டினம் அழுதுகொண்டிருந்தது. நிக்கோபார் சிதைந்து கிடந்தது. இந்தோனேஷியாவிலோ ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் மாண்டார்கள், அதிலே பெரும் பகுதி அச்சே. நம் வீட்டிலேயே சாவு விழுந்திருந்த அந்த நேரத்திலும் இந்தியக் கடற்படை, நிருபக் என்ற கப்பலை ஆஸ்பத்திரிக் கப்பலாக மாற்றி, அச்சேயின் மெலாபோ கரைக்கு அனுப்பியது. பீரங்கி சுமக்கும் கடற்படை மருந்து சுமந்து போனது. இரண்டு வருடம் கூட்டு ரோந்தில் பழகியிருந்த கடற்படைகளுக்கு ஒருவர் கடலை மற்றவர் அறிந்திருந்தது எவ்வளவு உதவியாக இருந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

2018 மே 30இல் ஜகார்த்தாவில் புதிய பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தமும், கடல்சார் ஒத்துழைப்புக்கான கூட்டு அறிக்கையும் வெளியாயின. அதே வருடம் நவம்பரில் சமுத்ர சக்தி என்ற கூட்டுப் பயிற்சி தொடங்கியது. 2025 ஜனவரி 26 அன்று ஜனாதிபதி பிரபோவோ குடியரசு தின விருந்தினராக வந்தார். இந்தோனேஷிய வீரர்கள் டில்லி அணிவகுப்பில் நடந்தார்கள். இரு நாட்டுக் கடலோரக் காவல் அமைப்புகளின் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டது. 1950இல் வந்த விருந்தினருக்கும் 2025இல் வந்த விருந்தினருக்கும் நடுவே 75 வருடம். முதல் வருகைக்குப் பின்னால் உணர்ச்சி இருந்தது, இந்த வருகைக்குப் பின்னால் கோப்புகள் இருக்கின்றன.

வாலிபர்கள் கவனிக்க

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். உலகிலேயே முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு இந்தோனேஷியா. அதனாலே அது இன்னாரோடுதான் சேரும், இன்னாரை எதிர்க்கும் என்று நம்மிலே சிலரும் கணக்குப் போடுகிறார்கள், நம்மைப் பிடிக்காதவர்களும் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு கணக்கும் தப்பு. இந்தோனேஷியாவின் வெளிநாட்டுக் கொள்கைக்குச் சுதந்திரமான, செயலூக்கமுள்ள கொள்கை என்று பெயர். 1948இல் தலைவர் ஹத்தா இதை இரு பாறைகளுக்கு நடுவே துடுப்புப் போடுவதற்கு ஒப்பிட்டார்.

இன்றைக்கும் அந்த நாடு அப்படித்தான் நடக்கிறது. மலாக்கா நீரிணையின் காவலில் அமெரிக்கப் படையைச் சேர்ப்பது பற்றி 2004இல் பேச்சு எழுந்தபோது, இந்தோனேஷியாவும் மலேசியாவும் சம்மதிக்கவில்லை. எங்கள் வாசலை நாங்களே காப்போம் என்றார்கள். நதுனா தீவுகளுக்கு அருகே சீனா உரிமை பேசுகிறது. அதை இந்தோனேஷியா ஒப்புக்கொள்ளவில்லை. அதற்காகச் சீனாவோடு வியாபாரத்தை நிறுத்தவும் இல்லை. இந்தியாவோடு பயிற்சி செய்கிறது, அதற்காக யாருடைய அணியிலும் பெயர் கொடுக்கவில்லை. எனவே "இந்தியா இந்தோனேஷியாவைச் சேர்த்துக்கொண்டு சீனாவை மடக்கப் போகிறது" என்று யாராவது எழுதினால், எழுதியவருக்கு அந்த நாட்டைத் தெரியாது என்று அர்த்தம்.

நாடுகள் தங்கள் நலனைப் பார்த்தே நடக்கின்றன. அதில் குற்றமில்லை. இரு நாட்டு நலனும் ஒரே இடத்தில் சந்திக்கிறதா என்று பார்ப்பதுதான் ராஜதந்திரம். ஆறு டிகிரிக் கால்வாயில் அது சந்திக்கிறது.

பாக்கி நிற்கும் கணக்கு

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டால் உங்களை ஏமாற்றியவனாவேன். மூன்று காரியங்கள் பாக்கி நிற்கின்றன.

முதலாவது, நீரின் எல்லை. 1974லும் 1977லும் போட்ட கோடு கடலடிப் படுகைக்கு மட்டும்தான். அதற்கு மேலே உள்ள நீருக்கும் அதிலே ஓடும் மீனுக்கும், அதாவது 200 மைல் பொருளாதார மண்டலத்துக்கு, இரு நாடுகளுக்கும் இடையே இன்னும் எல்லை முடிவாகவில்லை. தரைக்குக் கோடு உண்டு, தண்ணீருக்கு இல்லை! இதனாலே அடிபடுகிறவன் யார்? மீனவன். அந்தமான் பக்கமிருந்து சுறாவும் சூரையும் தேடிப் போன நம் மீனவர்கள் அச்சேயில் பிடிபட்டிருக்கிறார்கள். அச்சே மீனவர்கள் அந்தமானில் பிடிபட்டிருக்கிறார்கள். இரு கரையிலும் தாய்மார்கள் ஒரே மாதிரி காத்திருக்கிறார்கள். முடியாத காரியமா இது? பிலிப்பைன்ஸோடு இந்தோனேஷியா 2014இல் இந்த எல்லையை முடித்துக் கையெழுத்திட்டது. வியட்நாமோடு பன்னிரண்டு வருடம் பேசி 2022 டிசம்பரில் உடன்பாட்டுக்கு வந்தது. நம்மோடு மட்டும் ஏன் முடியாது?

இரண்டாவது, சபாங். அச்சேயின் வடமுனையில் உள்ள வே தீவின் துறைமுகம் அது. டச்சுக்காரர் காலத்தில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிக்கொண்ட இடம். அங்கே இந்தியா முதலீடு செய்யும் என்று 2018இல் இந்தோனேஷிய அமைச்சர் லூஹூத் பஞ்சாயித்தான் அறிவித்தார். ஜூலையில் நம் போர்க்கப்பல் சுமித்ரா அங்கே போய் வந்தது. அந்தமானையும் அச்சேயையும் வணிகத்தால் இணைக்கக் குழுவும் அமைக்கப்பட்டது. போர்க்கப்பல் போன இடத்துக்குச் சரக்குக் கப்பல் ஒழுங்காகப் போகத் தொடங்கவில்லை. பழைய போர்ட் பிளேர், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து அச்சேக்கு மாதம் ஒரு சிறு கப்பல் ஓடினாலும், பெரிய கம்பெனிகள் அல்ல, சின்ன வியாபாரிகள் பிழைப்பார்கள். பாதுகாப்பு வியாபாரத்துக்காகத்தான். வியாபாரம் இல்லாத பாதுகாப்பு, பூட்டு மட்டும் தொங்கும் காலிக் கடை.

மூன்றாவது நம் பாக்கி. இந்தக் கடலைப் பற்றித் தெரிந்தவர்கள் நம் சமுதாயத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு காலத்தில் மலாய் பேசத் தெரியாத மரக்காயரைப் பார்ப்பது அரிது. இன்றைக்கு இந்தோனேஷியாவோடு வியாபாரம் செய்பவர்கள் கூட மூன்றாவது ஆள் மூலம் பேசுகிறார்கள்.

செய்ய வேண்டியது

வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இன்ஷூரன்ஸ் தாளில் போர் அபாயப் பிரீமியம் என்ற வரியைப் படித்துப் பாருங்கள். எந்தக் கடலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வர்த்தக சங்கங்களின் மூலமாக, அந்தமான்–அச்சே கப்பல் போக்குவரத்து என்ன ஆயிற்று என்று மத்திய அரசுக்கு எழுதுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது, நீரின் எல்லையை எப்போது முடிப்பீர்கள் என்று கேளுங்கள். மீனவன் கேட்டால் அது மீனவன் பிரச்னை. வியாபாரியும் சேர்ந்து கேட்டால் நாட்டின் பிரச்னை.

வாலிபர்களே! கடல்சார் சட்டம் படியுங்கள். வணிகக் கப்பல்களில் அதிகாரிகளாகுங்கள். கடலோரக் காவல் படையின் தேர்வு எழுதுங்கள். இந்தோனேஷிய மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அது ஆங்கில எழுத்திலேயே எழுதப்படுவது, வாசிக்கப் பழகுவது சுலபம். இரு நாடுகளும் பேசுகிற மேஜையிலே அந்த மொழி தெரிந்த நம் பிள்ளை ஒருவன் உட்கார்ந்திருந்தால், அது நாட்டுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

பாண்டுங்கிலே கோத்த கை பத்து வருடத்தில் விலகியது. 1974இல் போட்ட கோடு இன்னும் விலகவில்லை. போடாமல் விட்ட கோட்டையும் போட்டு முடியுங்கள் என்று இரு அரசுகளையும் கேட்பதற்கு, அந்தக் கடலில் ஆயிரம் வருடம் வியாபாரம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு கேளுங்கள் என்று கூறி முடிக்கிறேன்.